ஒருத்திக்கு ஒரு முழுக்கு

ஜூன் 9

இல்லை, சந்தோஷம் வரவில்லை. வரும் என்றுதான் நினைத்திருந்தேன். அந்தப் பேரை அவர் வாயால் கேட்க வேண்டும் என்றுதானே இத்தனை நாள் காத்திருந்தது.

ஆம்புலன்ஸிலிருந்து இறக்கி, முன்னறைக் கட்டிலில் சாய்த்து உட்கார வைத்ததும் அப்பா என்னைப் பார்த்தார். வாய் இடது பக்கம் கோணியிருந்தது. வலது கை மடியில் கிடந்தது, வேறு யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி. ஆனால் சொல் தெளிவாக வந்தது.

"மைதிலி."

அம்மாவின் கையிலிருந்து மாத்திரைப் பை விழுந்தது.

மைதிலி என் அக்கா. ஐந்து வருடமாக இந்த வீட்டில் யாரும் சொல்லாத பேர். சொல்லக் கூடாது என்று விதித்தவர் இவர்.

"ஏனுங்க, என்ன சொன்னீங்க?" அம்மா கட்டிலுக்கு அருகே மண்டியிட்டாள். "இன்னொருக்கா சொல்லுங்க."

"மைதிலி," என்றார் அப்பா. இடது கையை நீட்டினார். நீட்டிய பக்கம் தண்ணீர்ச் சொம்பு இருந்தது.

குடித்தார். சிந்தினார். துடைத்துவிட்டேன்.

ஜூன் 10

காப்பி வேண்டும்: மைதிலி. ஃபேன் சத்தம் போடுகிறது: மைதிலி. கால் வலி: மைதிலி. மூத்திரம்: மைதிலி.

ஜூன் 13

பேச்சுப் பயிற்சிக்கு ஷாஹினா வந்தாள். என்னைவிடச் சின்னவள். ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே சாவியைக் காட்டினாள். "மைதிலி." சீப்பைக் காட்டினாள். "மைதிலி." சீப்பைக் கையில் கொடுத்ததும் அப்பா ஒழுங்காகத் தலை வாரிக்கொண்டார்.

"பொருள் தெரியுது. சொல்லுதான் வரமாட்டேங்குது. எந்த வார்த்தையத் தேடினாலும் இந்த ஒண்ணு வந்து முன்னாடி நின்னுக்குது. இன்னொருத்தர் பாக்கறேன், அவருக்கு எல்லாமே செவ்வாக்கிழமை. பொண்டாட்டியக்கூட செவ்வாக்கிழமைன்னுதான் கூப்பிடுவாரு."

சிரித்தேன். பிறகு கேட்டேன்: "அந்த ஒண்ணு எதுன்னு எப்படி முடிவாகுது?"

"தெரியாது. விழுந்த நேரத்துல மனசுல இருந்ததா இருக்கலாம். ஒண்ணுமே இல்லாமயும் இருக்கலாம். மைதிலிங்கறது நீங்களா?"

"நான் தாரணி."

"உங்களக் கூப்பிடறப்ப?"

"அதேதான்."

போகும்போது அவள் இரண்டு விஷயம் சொன்னாள். ஒன்று: படம் காட்டிப் பிரயோஜனமில்லை, அவர் தொட்டுப் புழங்கிய பொருளையே கையில் கொடுக்க வேண்டும், வாழ்ந்த சொல்தான் முதலில் திரும்பி வரும். இரண்டு: அழுவார், திடீரென்று சிரிப்பார், அதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. நரம்பு அழ வைக்கிறது. ஆள் அழுவதாக அர்த்தமில்லை.

நான் பாதியில் விட்டுவந்த ஆய்வேட்டில் இதைத்தான் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். சொல்லுக்குப் பொருள் அகராதியில் இல்லை. கேட்கிறவர் பட்டதில் இருக்கிறது. வழிகாட்டி ஓரத்தில் எழுதினார்: "சான்று?"

ஜூன் 15

சான்று.

அப்பா மைதிலி என்கிறார். அம்மாவுக்குக் கேட்பது மன்னிப்பு. பக்கத்து வீட்டுக்காரர்களுக்குப் பாசம். நாச்சிமுத்து சித்தப்பாவுக்கு மானக்கேடு.

எனக்குத் திருட்டு.

சித்தப்பா இன்று மாலை வந்தார். அப்பாவின் தம்பி. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே காதில் விழுந்துவிட்டது. முகம் சிறுத்தது. சமையலறைக்கு வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஏம் அம்மிணி, இவுரு என்ன இப்படிக் கத்திட்டுக் கெடக்கறாரு?"

"தெரபிஸ்ட் சொன்னாங்க சித்தப்பா. வேற வார்த்தை வராதாம்."

"வராட்டி வாய மூடிட்டு இருக்கோணும். ஆவணியில எம் பையன் கார்த்திக்கு நிச்சயம். பொண்ணு வூட்டுக்காரங்க அண்ணனப் பாக்க வருவாங்க. வந்தா இந்தப் பேரு. ஆருங்க மைதிலின்னு கேப்பாங்க. என்னன்னு சொல்றது? ஓடிப்போனவன்னா?"

"செத்துப்போனவன்னு சொல்லுங்க."

"அது அவ ஓடுனன்னிக்கே செத்தாச்சு." காப்பியை வாங்கிக் குடித்தார். "நீ படிச்ச புள்ள. ஏதாச்சும் பண்ணி அந்தப் பேர மாத்தி வுடு."

சர்க்கரை கம்மி என்றார். போட்டுக் கொடுத்தேன்.

ஜூன் 16

எழுதி வைக்கிறேன், ஒழுங்காக.

மைதிலி ஜெயசீலனைக் கட்டிக்கொண்டது அவன் சாதி தெரிந்துதான். அது தெரிந்துதான் அப்பாவும் தலைமுழுகினார். இரண்டு வருடம் முன்பு, ஒரு மழைக்காலத்தில், டெங்குக் காய்ச்சலில் அவள் செத்துப்போனாள். குழந்தைக்கு அப்போது ஒரு வயது. என் எண் மைதிலியின் போனுக்குள் இருந்தது. அந்தப் போனைத் திறக்க ஜெயசீலனுக்குத் தெரியவில்லை. அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண் அப்பாவுடையது. அவள்தான் மனப்பாடம் செய்ய வைத்திருந்தாளாம், ஏதாவது ஒன்றென்றால் என்று.

"மைதிலியோட வீடுங்களா?" என்று கேட்டிருக்கிறான்.

"அந்தப் பேர்ல இங்க ஆரும் இல்லீங்க."

இதற்கு மேல் அவனைப் பேச விடவில்லை. அப்பா அதை யாரிடமும் சொல்லவும் இல்லை. சந்தைக்குப் போனார். மாடு விற்றுக் கொடுத்தார். வந்து சாப்பிட்டார். ஜெயசீலன் என் கல்லூரிக்குத் தேடிவந்து சொன்னபோது எரித்து, சாம்பல் கரைத்து எல்லாம் முடிந்திருந்தது. நான் வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா எழுந்து குளியலறைக்குப் போனாள், சாவு முழுக்கு முழுக. அப்பா கதவை மறித்து நின்றார்.

"அதான் ஒருக்கா முழுகியாச்சே. ஒருத்திக்கு ரெண்டு வாட்டி முழுகறதில்ல."

அம்மா திரும்பி வந்து அடுப்பைப் பற்ற வைத்தாள்.

இப்போது அதே வாய். அதே பேர். மூத்திரத்துக்கு.

ஜூன் 20

அம்மா எனக்குத் தெரியாமல் ஜெயசீலனுக்குப் போன் போட்டிருக்கிறாள். தர்மபுரியில் இருக்கிறான். ஸ்பீக்கரில் போட்டு அப்பாவின் முகத்துக்கு முன்னால் பிடித்திருந்தபோது நான் மருந்துக் கடையிலிருந்து வந்தேன்.

"மைதிலி," என்றார் அப்பா போனைப் பார்த்து. "மைதிலி, மைதிலி."

"கேட்டீங்களா தம்பி?" அம்மா அழுதுகொண்டிருந்தாள். "பொழுதுக்கும் அவ பேருதான். மனசு மாறிட்டாரு. கொழந்தையக் கூட்டிட்டு ஒருக்கா வாங்க. பாக்கட்டும்."

நான் போனை வாங்கிக்கொண்டேன்.

"ஜெயசீலன், நான் தாரணி."

"சொல்லுங்க."

"அவருக்கு பக்கவாதம். அது ஒண்ணுதான் வாயில வருது."

"இப்ப அந்தப் பேரச் சொல்லி என்ன கேக்கறாரு?"

அப்பாவின் கை போன பக்கம் பார்த்தேன். "காப்பி."

சிரிப்பு மாதிரி ஏதோ கேட்டது. "ஆத்திக் குடுங்க. சூடா குடுத்துறாதீங்க, அவளுக்கு நாக்கு சுட்டா பிடிக்காது," என்றான். வைத்துவிட்டான்.

அம்மா என்னிடம் பேசவில்லை. இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிடும்போதுகூட, பாத்திரத்தைத் தட்டினாள்.

ஜூன் 22

கண்டுபிடித்துவிட்டேன்.

எல்லாவற்றுக்கும் ஒரே சொல் என்பது ஒளிந்துகொள்ளும் இடம். மைதிலி என்கிறார், தண்ணீரைக் கொடுக்கிறோம். மைதிலி என்கிறார், காலை அமுக்குகிறோம். அந்தப் பேருக்குள் எங்கேயும் அவள் இல்லை. வசதியாக இருக்கிறார்.

ஒவ்வொன்றாகப் பிடுங்குவேன். தண்ணீருக்குத் தண்ணி என்று சொல்ல வைப்பேன். காப்பிக்குக் காப்பி. வலிக்கு வலி. கடைசியில் அந்தப் பேருக்குப் போக ஓரிடம்தான் மிச்சமிருக்கும். அப்போது அவள் படத்தை அவர் முன்னால் வைப்பேன்.

அவருக்கு உறைக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஜூன் 23

வீடு பெருக்கினேன். அப்பாவின் பொருள்களைக் கட்டிலருகே கொண்டுவந்து அடுக்கினேன். பித்தளைச் சொம்பு. டம்ளர். சந்தைக்குக் கொண்டுபோகும் பச்சைக்கரைத் துண்டு. மாட்டுக் கயிறு ஒரு முழம். வெற்றிலைச் செல்லம். ஷாஹினாவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். கைதட்டும் பொம்மை அனுப்பினாள்.

"உங்க பேரையும் சேத்துக்கோங்க," என்று கூடவே ஒரு செய்தி. "கூப்பிட ஒரு பேரு வேணும்ல."

தேவையில்லை என்று பதில் போட்டேன்.

ஜூன் 24

தண்ணி.

முதலில் இதைத்தான் எடுத்தேன். சொம்பைக் கையில் கொடுத்து, சொல்லி, காத்திருந்து, சொல்லி. ஷாஹினாவின் முறை: நாம் முழுதாகச் சொல்லிவிடக் கூடாது. முதல் ஓசையை மட்டும் கொடுத்துவிட்டு நிறுத்த வேண்டும். "த…"

"மைதிலி."

"த…"

"மை… மைதிலி."

சொம்பைப் பிடுங்கிக்கொண்டேன். உதடு காய்ந்திருந்தது. கொடுக்கவில்லை. நாக்கு வெளியே வந்து உதட்டைத் தேடியது. அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள்.

எனக்குத் தண்ணீர் என்றால் என்ன? இதே சொம்புதான். அக்கா போன மறுநாள் காலை, பின்கட்டில் குழாயடியில் அப்பா எங்களை வரிசையாக நிற்க வைத்தார். அம்மா, சித்தப்பா, நான். ஒவ்வொருவர் தலையிலும் ஊற்றினார். கடைசியில் தன் தலையில். "இத்தோட செத்தா," என்றார். தண்ணீர் காதுக்குள் போய் எனக்கு அன்றெல்லாம் சரியாகக் கேட்கவில்லை. கல்லூரி நூலகத்தில், ஏதோ ஒரு புத்தகத்தில் 'நீர்' என்ற சொல்லைப் படித்தாலும் காது அடைக்கும். புத்தகம் எழுதியவருக்கு அது ஆறாக இருந்திருக்கலாம்.

"த…" என்றேன்.

"த… தண்ணி."

வந்துவிட்டது. அவரே திடுக்கிட்டார்.

கொடுத்தேன்.

ஜூலை 1

காப்பி வந்தது. வலி வந்தது. ஃபேனுக்குக் காத்து என்கிறார், சரிதான், விட்டுவிட்டேன்.

பக்கத்து வீட்டு சரோஜா அக்கா அம்மாவிடம் சொன்னது சமையலறை வரை கேட்டது: "இந்தக் காலத்துல எந்தப் புள்ள இப்படிப் பாக்குதுங்க? படிப்ப வுட்டுப்போட்டு வந்து ஒக்காந்திருக்குது. ஆம்பளப் புள்ள இருந்தாக்கூட இப்படிச் செய்யாது."

அரிசி கழுவிக்கொண்டிருந்தேன். கல் ஒன்று கிடைத்தது.

ஜூலை 5

இதை எழுத வேண்டாமென்று நினைத்தேன்.

அப்பா மாட்டுத் தரகர். சந்தையில் விலையை வாயால் பேசுவதில்லை. இரண்டு பேர் கையையும் ஒரு துண்டால் மூடிக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்து, அழுத்தி, மடக்கிப் பேசுவார்கள். சுற்றி நிற்கிற கூட்டத்துக்குத் துண்டு அசைவது மட்டும்தான் தெரியும். நாற்பது வருடம் அந்தத் துண்டுக்குள்தான் அவர் பேசினார். வீட்டில் பேச்சு குறைவு.

இன்று பயிற்சி நடுவில் துண்டை இடது கையால் இழுத்தார். என் கைமேல் போட்டார். உள்ளே கையைவிட்டு என் விரல்களைப் பிடித்தார். நடுவிரலை அழுத்தினார். பிறகு இரண்டு விரலைச் சேர்த்து. பிறகு உள்ளங்கையைச் சுரண்டினார். திரும்பவும் அதே வரிசை. ஏதோ சொல்கிறார், தெளிவாக, ஒரு வாக்கியம்.

எனக்கு அந்தப் பேச்சு தெரியாது.

அக்காவுக்குத் தெரியும். சின்ன வயதில் ஞாயிறு தவறாமல் அவளைச் சந்தைக்குக் கூட்டிப்போவார். வீட்டில் சாப்பிடும்போது இரண்டு பேரும் துண்டைப் போட்டுக்கொண்டு எதையோ பேசிச் சிரிப்பார்கள். என்ன பேசினீங்க என்று கேட்டால், உன்னைய எத்தனைக்கு விக்கலாம்னு பேசினோம் என்பாள்.

அப்பா என் முகத்தைப் பார்த்தார். பதிலுக்குக் காத்திருந்தார். நான் கையை அப்படியே வைத்திருந்தேன்.

"மைதிலி?" என்றார். கேள்வியாக.

கையை உருவிக்கொண்டேன். துண்டை மடித்து வெற்றிலைச் செல்லத்துக்குக் கீழே வைத்தேன். இன்றைக்குப் பயிற்சி அவ்வளவுதான்.

ஜூலை 6

கயிறு, செருப்பு, சோறு. மூன்றும் ஒரே நாளில். நான் விடவில்லை. பிற்பகல் தூங்கவும் விடவில்லை. களைத்து அழுதார். டிவியில் பெயிண்ட் விளம்பரம் வந்தபோதும் இப்படித்தான் அழுதார். நரம்பு.

ஜூலை 14

ஷாஹினாவுக்கு ஆச்சரியம். "இவ்வளவு வேகமா யாருக்கும் வந்ததில்ல. என்ன பண்றீங்க?"

"பிடிவாதம்."

"அப்பா மேல அவ்வளவு பிரியமா?"

"ரொம்ப."

அவள் அப்பா பக்கம் குனிந்து என்னைக் காட்டினாள். "இவங்க யாரு சார்?"

அப்பா என்னைப் பார்த்தார். வாய் திறந்தது. எதுவும் வரவில்லை. பழைய பேரும் வரவில்லை. வெறுமனே திறந்திருந்தது.

"பரவால்ல, நேரமாச்சு," என்று நான் எழுந்து கதவைத் திறந்தேன். அவள் இன்னும் காப்பி குடித்து முடிக்கவில்லை.

ஜூலை 22

பேர் குறைந்துவிட்டது. நேற்று ஒருமுறை, வெற்றிலைச் செல்லத்தைத் தேடும்போது. இன்று இல்லை.

ஜூலை 27

ஆறு நாளாக வீட்டில் அந்தப் பேர் இல்லை.

சித்தப்பா வந்தார். கட்டிலருகே நாற்காலி போட்டு வெகுநேரம் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். அப்பா "சோறு" என்றார், "காத்து" என்றார். சித்தப்பாவின் முகம் மலர்ந்தது. என் தலையில் கை வைத்தார்.

"கெட்டிக்காரி. நான் சொன்னேன்ல, நீ படிச்ச புள்ளன்னு. சுத்தமா தொடச்சுப்போட்டயே அம்மிணி!"

நிச்சயத்துக்கு எனக்குப் பட்டுப்புடவை எடுத்துத் தருவதாகச் சொன்னார்.

ஜூலை 28

அம்மா இன்று பேசினாள். மாவு ஆட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல்.

"நீயும் அவரு மாதிரியே எடுத்துப்போட்டே."

"என்னத்தம்மா?"

"அந்தப் பேர."

"அவர் காப்பிக்குச் சொன்னாரும்மா. மூத்திரத்துக்குச் சொன்னாரு."

"எனக்குத் தெரியாதா?" கிரைண்டரை நிறுத்தினாள். "முட்டாளாட்டம் நம்பிட்டிருந்தேன்னு நெனச்சயா? தண்ணிக்குத்தான்னு தெரியும். சொம்ப எடுத்துட்டு ஓடுனது நான்தானே? ஆனா காதுல வுழுந்துச்சே. அஞ்சு வருசம் வாய்க்குள்ளயே முழுங்கின பேரு. கொல்லையில இருந்தாலும் கேக்கும், சமையக்கட்டுல இருந்தாலும் கேக்கும். எதுக்குச் சொன்னா எனக்கென்ன? கேட்டுட்டு இருந்தேன்ல."

மறுபடியும் கிரைண்டரைப் போட்டாள். அந்தச் சத்தத்தில் வேறு எதுவும் காதில் விழாது.

ஜூலை 31

முடிந்தபிறகு அம்மாவுக்குப் புரியும். துடைக்கவில்லை. ஓரிடத்துக்குத் துரத்திக்கொண்டு போகிறேன். அது வித்தியாசமான வேலை.

வித்தியாசமான வேலைதான்.

படத்தைத் தேடி எடுத்தேன். அப்பாவின் இரும்புப் பெட்டியில் இல்லை, ஆல்பத்தில் இல்லை, அதெல்லாம் அப்போதே கிழித்தாயிற்று. என் பழைய இயற்பியல் புத்தகத்துக்குள் நான் ஒளித்து வைத்தது. சந்தை. எட்டு வயது மைதிலி. அப்பாவின் பச்சைக்கரைத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, தரகர் மாதிரி கால் அகட்டி நிற்கிறாள். பின்னால் ஒரு மாட்டின் பாதி. ஓரத்தில் அப்பா. சிரிக்கிறார். அவருக்கு அப்படி ஒரு சிரிப்பு இருந்தது என்பதே மறந்துவிட்டது.

நான் அந்தப் படத்தில் இல்லை. வீட்டில் இருந்திருப்பேன்.

ஆகஸ்ட் 2

நாளை ஆடிப் பதினெட்டு. அம்மா சரோஜா அக்காவோடு காவிரிக்குப் போகிறாள். மதியம்தான் வருவாள்.

நாளை.

ஆகஸ்ட் 3

அம்மா மஞ்சளும் பூவும் கூடையில் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வாசலில் நின்று, "அவரப் பாத்துக்கோ," என்றாள். பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

இட்லி கொடுத்தேன். வாய் துடைத்தேன். தலையணையை நிமிர்த்தி உட்கார வைத்தேன். டிவியை அணைத்தேன். துண்டைத் தோளில் போட்டுவிட்டேன். படத்தை அவர் மடியில், செத்த கையின் மேல் வைத்தேன்.

"இது ஆருங்கப்பா?"

பார்த்தார். முதலில் மாட்டைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். பிறகு கண் நகர்ந்தது.

காத்திருந்தேன். முதல் ஓசையைக் கொடுக்கலாம். கொடுக்கவில்லை.

"சொல்லுங்க. இத்தன நாள் சொன்னீங்களே. காப்பிக்குச் சொன்னீங்க. மூத்திரத்துக்குச் சொன்னீங்க. இப்பச் சொல்லுங்க. இவ ஆரு?"

வாய் திறந்தது. மூடியது.

"நான் சொல்றேன். இவ செத்துட்டா. தெரியுமில்ல? போன் வந்துச்சு. நீங்கதான் எடுத்தீங்க. அந்தப் பேர்ல இங்க ஆரும் இல்லீங்கன்னு சொன்னீங்க. சொல்லிப்போட்டுச் சந்தைக்குப் போனீங்க. அன்னிக்குத் துண்டுக்குள்ள என்ன பேசினீங்கப்பா? ஆரு கையப் பிடிச்சு என்ன வெல பேசினீங்க?"

என் குரல் எனக்கே அவருடையது போல இருந்தது.

அழுதார். சத்தமில்லாமல், கோணிய வாயோடு, எச்சில் வழிய. அதை நம்பக் கூடாது என்று எனக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. நரம்பு அழுகிறது. பெயிண்ட் விளம்பரத்துக்கும் அழும். நாற்காலியில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். இத்தனை நாள் உழைத்து இந்த இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன். உறைத்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ள என்னிடம் எந்த வழியும் இல்லை. எது வந்தாலும் அது நோய் என்று சொல்லிவிடலாம். சொல் வந்தால் நோய், வராவிட்டாலும் நோய்.

"தண்ணி," என்றார்.

அவ்வளவுதான். தாகம். எழுந்து டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். ஆத்திரத்தில் பாதி தரையில் சிந்தியது.

இடது கையில் வாங்கினார். குடிக்கவில்லை. கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருந்தார். பிறகு மெல்லத் தூக்கினார், வாய்க்கு மேலே, கண்ணுக்கு மேலே. தலையில் கவிழ்த்தார்.

நெற்றி, மூக்கு, சட்டை. படத்தின் மேல் சொட்டியது. படத்தை நகர்த்தத் தோன்றவில்லை எனக்கு.

முடிந்தது என்று நினைத்தேன். அவர் காலி டம்ளரை என் பக்கம் நீட்டினார். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. நேராகப் பார்த்தார்.

"தாரணி," என்றார். "தண்ணி."

நான் சொல்லிக்கொடுக்காத சொல் அது.

டம்ளரை வாங்கி வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போனேன். ஹீட்டரில் வெந்நீர் இருந்தது. குழாயைத் திறந்து பச்சைத் தண்ணீரைப் பித்தளைச் சொம்பில் நிறைத்தேன். கொண்டுவந்து அவர் தலையில் ஊற்றினேன். மெதுவாக ஊற்றவில்லை. உடம்பு தூக்கிப்போட்டது. தலையை இழுத்துக்கொள்ளவில்லை. குனிந்து கொடுத்தார். இன்னொரு சொம்பு. இன்னொன்று. மிச்சத்தை என் தலையில் கவிழ்த்துக்கொண்டேன். காதுக்குள் போய்விட்டது. அவர் என்னவோ சொன்னார், உதடு அசைந்தது, எனக்குக் கேட்கவில்லை.

சட்டையை மாற்றினேன். மெத்தையை எடுத்துப் பின்கட்டில் வெயிலில் போட்டேன். அம்மா வந்ததும் முழுக, அடுப்பில் ஒரு அண்டா தண்ணீர் காய வைத்தேன். பச்சைக்கரைத் துண்டால் தரையைத் துடைத்து, பிழிந்து, கொடியில் போட்டேன்.